சேர்மனுக்கு என்னதான் அதிகாரம்? ஒரு நகராட்சித் தலைவரின் வாரத்தைப் பிரித்துப் பார்த்தால்

மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரே வாரத்தில் ஒரே ஆள் நான்கைந்து இடத்தில் தலைகாட்டுவார். திங்களன்று சிமென்ட் சாலைக்குப் பூமி பூஜை, புதனன்று பள்ளி ஆண்டு விழா, வெள்ளியன்று நகர்மன்றக் கூட்டத்தில் வாக்குவாதம், ஞாயிறன்று இலவசக் கண் சிகிச்சை முகாம். அவர்தான் நகராட்சித் தலைவர், ஊர்ப் பேச்சில் சேர்மன். இத்தனை மேடையில் நிற்கிறவரால் எங்கள் தெரு விளக்கை எரியவைக்க முடியவில்லையா என்று மக்கள் கேட்பதில் தப்பில்லை. சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே தலைவரை இறக்கிவிடும் செய்திகள் வேறு வருகின்றன. 2025 ஜூலையில் சங்கரன்கோவில் நகராட்சித் தலைவர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவியை இழந்தார். அவர் அப்போதைய ஆளுங்கட்சிக்காரர், மன்றத்திலும் அந்தக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள்.

இந்தக் குழப்பம் தீர, தலைவரிடம் இரண்டு டைரி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சட்டம் எழுதிக்கொடுத்தது. இன்னொன்று ஊர் எழுதுவது. முதல் டைரி மெலிசு. அதில் இல்லாததை அவர் இரண்டாவதில் சம்பாதிக்கப் பார்க்கிறார். எப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் பெயர்கள்

தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சி மூன்று வகை: பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தபோது கணக்கு 490, 138, 21. ‘மேயர்’ என்ற பட்டம் மாநகராட்சிக்கு மட்டுமே. மற்ற இரண்டிலும் தலைவர், துணைத் தலைவர்.

2024இல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி நான்கும் மாநகராட்சி ஆயின. அங்கெல்லாம் நேற்றுவரை சேர்மனாக இருந்தவர் தேர்தல் எதுவும் இல்லாமலே மேயர் ஆனார். அங்கியும் செங்கோலும் வந்தன. தெருவும் சாக்கடையும் பழையவைதான். ஆகவே கீழே சேர்மனைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி சின்ன ஊர் மேயருக்கும் பொருந்தும்.

சட்டம் சொல்வது என்ன

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சிக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம், தனித் தேர்தல் ஆணையம், பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் (தமிழ்நாட்டில் 2016 முதல் பாதி) ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. 12ஆவது அட்டவணை என்று 18 வேலைகளின் பட்டியல் ஒன்றையும் சேர்த்தது. ஆனால் அந்த 18இல் எதை, எவ்வளவு உள்ளாட்சியிடம் கொடுப்பது என்ற முடிவை மாநிலத்திடமே விட்டுவிட்டது. தலைவருக்கு மாத்திரம் எவ்வளவு அதிகாரம் என்பதும் மாநிலச் சட்டத்தைப் பொறுத்ததே.

தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் வெகுகாலம் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் என்ற புதியது 1998இலேயே வந்தது. வந்த வேகத்தில் நிறுத்திவைக்கப்பட்டு, திருத்தங்களோடு 2023 ஏப்ரலில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கால் நூற்றாண்டு அலமாரியில் கிடந்த சட்டம்.

இரண்டு சட்டத்திலும் ஆட்கள் மூன்று தரப்பு:

1. நகர்மன்றம். வார்டுக்கு ஒருவராக மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களின் அவை. வரி விகிதம், வரவுசெலவுத் திட்டம், வேலைகளுக்கான அனுமதி எல்லாம் இதன் தீர்மானத்தால் நடக்க வேண்டும்.

2. தலைவர். மன்றத்துக்குத் தலைமை தாங்குபவர். கூட்டத்தைக் கூட்டுவார், நடத்துவார், நிர்வாகத்தை மேற்பார்வை பார்ப்பார், கோப்புகளைக் கேட்டுப் பார்ப்பார்.

3. ஆணையர். மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. தீர்மானத்தைச் செயல்படுத்துபவர் இவர்தான். பணி உத்தரவில் கையெழுத்து, பணம் வழங்குவது, ஊழியர்களிடம் வேலை வாங்குவது, கட்டட விதிமீறலுக்கு நோட்டீஸ் அனுப்புவது எல்லாம் இவர் பொறுப்பு. இவரை இடமாற்றம் செய்வது சென்னை. சேர்மன் இல்லை.

மூன்றாவது புள்ளிதான் பலருக்குத் தெரியாதது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பக்கத்துக் கிராம ஊராட்சித் தலைவர் மக்களின் நேரடி வாக்கில் வந்தவர். சட்டப்படி அவரே தன் ஊராட்சியின் நிர்வாக அதிகாரி. துணைத் தலைவரோடு சேர்ந்து காசோலையில் கையெழுத்திடுகிறார். ஆயிரம் வீட்டுக்குத் தலைவருக்கு இருக்கும் பேனா, இருபதாயிரம் வீட்டுக்குத் தலைவருக்கு இல்லை.

தலைவரை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

1996, 2001 தேர்தல்களில் தலைவருக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மீண்டும் மக்கள். அந்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்து, ஐந்து வருடத்துக்கும் மேல் தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்கள் ஊரை நடத்தினார்கள். 2022இல் மறுபடியும் மறைமுகத் தேர்தல்: மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கவுன்சிலர்கள் ஏற்றிவைத்தால் அவர்களே இறக்கவும் முடியும். அதற்கு மன்றத்தின் மொத்த எண்ணிக்கையில் ஐந்தில் நான்கு பங்கு ஆதரவு வேண்டும். சங்கரன்கோவிலில் 30 வார்டு, ஆகவே 24 பேர், அது கிடைத்தது. காஞ்சிபுரம் மாநகராட்சியில் 51 வார்டு, ஆகவே 41 பேர். 2024 ஜூலையில் அங்கே மேயர் மீது தீர்மானம் கொண்டுவந்து, வாக்கெடுப்பு நாளில் கவுன்சிலர்கள் யாருமே வரவில்லை. தீர்மானம் தானாக விழுந்தது. ஆக, நாற்காலியை அசைப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் அசைக்க முடியும் என்ற நினைப்பே தலைவரின் வாரத்தில் பாதியைத் தின்றுவிடும். எந்தக் கவுன்சிலர் வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை என்பது முதல், எந்த வார்டுக்கு இந்த மாதம் வேலை ஒதுக்கவில்லை என்பது வரை அவர் மனசில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எது நகராட்சி வேலை, எது இல்லை

நகராட்சியின் பொறுப்பு: உள்தெருக்கள், தெருவிளக்கு, குடிநீர் விநியோகம், சாக்கடை, குப்பை, பிறப்பு இறப்புப் பதிவு, மயானம், சந்தை, பேருந்து நிலையம், பூங்கா, சிறு கட்டடங்களுக்கான அனுமதி.

நகராட்சியின் கையில் இல்லாதவை: காவல், மின்சாரம், ரேஷன், பட்டா, அரசு மருத்துவமனை, டாஸ்மாக் கடை. முக்கியமாக, ஊரின் நடுவே போகும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் பள்ளம் விழுந்தால் திட்டு வாங்குபவர் வார்டு கவுன்சிலர். மூடவேண்டியவர் வேறு துறை. தண்ணீரிலும் இதே கதை. பல ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். மேல்நிலைத் தொட்டிவரை வந்த பிறகுதான் அது நகராட்சியின் தண்ணீர். நடுவழியில் குழாய் உடைந்தால் ஊரே காலிக் குடத்தோடு நகராட்சி வாசலில் நிற்கும். சேர்மனால் செய்யக்கூடியது வாரியப் பொறியாளருக்குப் போன் போடுவது.

போன் போடுவதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவருடைய வேலையில் பாதி அதுதான்.

கூட்ட நாள்

வழக்கமாக மாதம் ஒருமுறை நகர்மன்றம் கூடும். சட்டம் எழுதிய டைரியில் இதுவே பெரிய நாள். சில நாள் முன்னதாகக் கவுன்சிலர்களுக்கு அஜெண்டா போய்ச்சேரும். நாற்பது ஐம்பது பொருள்கள், ஒவ்வொன்றும் அலுவலகத் தமிழில். அந்தத் தமிழைப் படிக்கத் தெரிந்தால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டுவிடும். உதாரணத்துக்கு ஒரு பொருள் இப்படி இருக்கும்:

“9ஆவது வார்டில் பழுதடைந்த நீர்மூழ்கி மோட்டாரைப் பொதுமக்கள் நலன் மற்றும் அவசர அவசியம் கருதி, மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கி, தலைவர் அவர்களின் முன் அனுமதி பெற்றுப் பழுது நீக்கம் செய்த வகையில் ஏற்பட்ட செலவினத்துக்கு மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது.”

அதாவது வேலை முடிந்துவிட்டது. செலவும் ஆகிவிட்டது. மன்றம் இப்போது தலையாட்ட வேண்டும். ‘முன் அனுமதி’ என்ற இந்த ஒரு சொல்தான் தலைவரின் கையில் இருக்கும் உண்மையான பிடி. மோட்டார் கருகினால் அடுத்த கூட்டம்வரை தெரு தாகமாக இருக்க முடியாது என்பதால் இந்த வழி தேவைதான். ஆனால் ஒரு அஜெண்டாவில் பாதிப் பொருள்கள் ‘அவசர அவசியம் கருதி’ என்றே தொடங்கினால், மன்றம் முடிவெடுக்கும் இடமாக இல்லாமல் முத்திரை குத்தும் இடமாக மாறிவிட்டது என்று பொருள். கவுன்சிலர்களின் வெளிநடப்புகளில் நியாயமானவை பலவும் இங்கிருந்து கிளம்புபவை.

ஒவ்வொரு பொருளின் கடைசி வரியையும் பாருங்கள். ‘மன்றத்தின் பார்வைக்கும் பதிவிற்கும்’ என்றிருந்தால் சும்மா தெரிந்துகொள்ளச் சொல்கிறார்கள். ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்றிருந்தால் அங்கே மறுக்கலாம், ஒத்திவைக்கலாம், திருத்தலாம். எதை அஜெண்டாவில் வைப்பது, எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது என்பதில் தலைவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஒரு கவுன்சிலரின் வார்டு வேலை மூன்று கூட்டமாக அஜெண்டாவில் வராமலே இருந்தால், அந்த வார்டில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருக்கும்.

ஒரு சிறுபாலம் கட்டுவதற்குள்

சாக்கடைக்கு மேல் நான்கடி சிறுபாலம் இடிந்துவிட்டது, பள்ளிப் பிள்ளைகள் தாண்டிக் குதித்துப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கவுன்சிலர் கடிதம் கொடுக்கிறார். பொறியியல் பிரிவிலிருந்து ஆள் வந்து டேப் பிடித்து அளந்து எஸ்டிமேட் போடுகிறார். தொகையைப் பொறுத்து உரிய நிலைப் பொறியாளர் தொழில்நுட்ப அனுமதி தர வேண்டும். எந்த நிதியிலிருந்து என்று கணக்குப் பிரிவு எழுத வேண்டும். அப்புறம் மன்றத்தின் நிர்வாக அனுமதி. அப்புறம் டெண்டர், ஒரே ஒருவர்தான் போட்டார் அல்லது எல்லோரும் மதிப்பீட்டைவிடக் கூடுதலாகப் போட்டார்கள் என்றால் மறு டெண்டர். ஒப்பந்ததாரர் முடிவானதும் பணி உத்தரவு. வேலை முடிந்ததும் அளவுகள் எம்-புக் எனும் அளவுப் பதிவேட்டில் ஏறும். அதை மேலதிகாரி சரிபார்த்த பிறகே பில்.

இதில் தலைவருக்குச் சட்டப்படி இடம் உள்ள கட்டம் ஒன்று அல்லது இரண்டு. மீதி ஏழெட்டு மேசையிலும் கோப்பு நகர வேண்டும். ஆனால் “அந்தப் பாலம் ஃபைல் எங்கப்பா இருக்கு?” என்று அவர் காலையில் பொறியியல் பிரிவுக்குள் நுழைந்து கேட்டால் கோப்பு நகரும், கேட்காவிட்டால் கிடக்கும். எந்தச் சட்டப்பிரிவிலும் எழுதாத அதிகாரம் இது. நல்ல தலைவர், சுமாரான தலைவர் என்ற வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கேள்வியை எத்தனை கோப்புக்கு, யாருடைய கோப்புக்குக் கேட்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

அதிகாலை மஸ்டர் பாயிண்டுக்குப் போய் நிற்பதும் இந்த வகைதான். தூய்மைப் பணியாளர்கள் வருகை போடும் இடம் அது. இன்று எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் குப்பை வண்டி பஞ்சர், எந்த வார்டுக்கு ஆள் இல்லை என்பது அங்கே பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அலுவலக அறிக்கைக்குக் காத்திருந்தால் சாயங்காலம் ஆகும்.

பணம்

சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. நகராட்சித் தலைவருக்கு அப்படித் தனியாக எதுவும் கிடையாது. 2023 ஜூலை முதல் அவருக்கு மாத மதிப்பூதியம் 15,000 ரூபாய், கவுன்சிலருக்கு 5,000. கல்யாண மொய்க்கே பற்றாது.

நகராட்சியின் வருமானம் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, காலிமனை வரி, பேருந்து நிலையக் கடை வாடகை என்று சேரும். மாநில அரசின் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள்; அதில் ஒரு பங்கும் வரும். மத்திய நிதிக்குழு மானியமும் உண்டு. எல்லாம் ஒரே பெட்டிக்குள் விழுவதில்லை. பொது நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று கணக்குகள் தனித்தனி. ‘கல்வி நிதியில் பணம் கிடக்கிறதே, சாக்கடைக்கு எடுக்கலாமே’ என்று கவுன்சிலர் கேட்டால் கணக்கர் முடியாது என்பார். அவர் சொல்வது சரி.

சொத்து வரி ஏறும்போதுதான் தலைவரின் நிலை தர்மசங்கடமாகும். 2022 ஏப்ரலில் நகராட்சிகளில் 600 சதுர அடிவரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதமும், 1,200வரை 50, 1,800வரை 75, அதற்கு மேல் 100 சதவீதமும் உயர்த்த மாநில அரசு ஆணையிட்டது. தீர்மானம் நிறைவேற்றவேண்டியது மன்றம். பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத தலைவர்கள், தாங்கள் எடுக்காத முடிவுக்குத் தங்கள் பெயரில் தீர்மானம் போட்டு, தெருவில் பதில் சொன்னார்கள்.

இரண்டாவது டைரி

இனி விழாக்கள். ஒரு சின்ன ஊரில் முகூர்த்த நாளன்று ஐந்தாறு கல்யாணம், ஒரு காதணி விழா, ஒரு புதுமனைப் புகுவிழா. நடுவில் எங்காவது ஒரு துக்க வீடு. அதற்குப் பத்திரிகை வராது, போகாமலும் இருக்க முடியாது. ஆடி என்றால் கோயில் கொடை, அப்புறம் விநாயகர் ஊர்வல அமைதிக் கூட்டம், ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி, டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக். சுதந்திர தினத்தன்று நகராட்சி அலுவலகத்தில் கொடியேற்றிவிட்டு, இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஓட வேண்டும்.

இதை வெறும் பந்தா என்று ஒதுக்குவது எளிது. அப்படி மட்டும் இல்லை, மூன்று காரணம்:

1. தகவல். அலுவலகத்துக்கு வராத ஆட்கள் மண்டபத்தில் கிடைப்பார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நாற்றம் அடிக்கிறது என்பது பந்தி வரிசையில் காதுக்கு வரும்.

2. மற்ற துறைகள். மேடையில் வட்டாட்சியர், காவல் ஆய்வாளர், மின்வாரியப் பொறியாளர் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். இவர்களுக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் பொன்னாடைக்கும் நன்றியுரைக்கும் நடுவில் தெருவில் மின்கம்பி தொங்குவதைச் சொல்லிவிடலாம்.

3. உள்ளூர்ப் பணம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்களிப்பாக ஒரு பகுதித் தொகை திரட்டினால் மீதியை அரசு தரும். பூங்காவோ, மயானச் சுற்றுச்சுவரோ, அந்தத் தொகையைத் தரக்கூடிய அரிசி ஆலைக்காரரையும் வியாபாரிகள் சங்கத்தையும் தலைவர் சந்திப்பது விழாக்களில்தான்.

நட்டமும் உண்டு. நாடா வெட்டிய நாளின் புகைப்படம் பத்திரிகையில் வரும். ஆறு மாதம் கழித்து அந்தக் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்ற செய்தி வராது. தலைவரின் நேரம் திறப்பு விழாவுக்கே போனால் பராமரிப்பு அனாதையாகிவிடும்.

பெண் தலைவர்களுக்கு இந்த இரண்டாவது டைரியில் இன்னொரு சிக்கல். பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் பல ஊர்களில் மண்டபத்துக்கும் பந்தல் காலுக்கும் ‘சேர்மன் வீட்டுக்காரர்’ போய்விடுகிறார். மேலே சொன்ன தகவலும் தொடர்பும் அவரிடம் சேர்கின்றன. கையெழுத்து மட்டும் அந்த அம்மாவுடையது. மன்றக் கூட்டத்தில் கணவருக்கு நாற்காலி கிடையாது என்று சொல்லச் சட்டத்தால் முடியும். கல்யாண மண்டபத்தில் யார் மணமக்களை வாழ்த்துவது என்று அதனால் சொல்ல முடியாது.

மனுவை எங்கே கொடுப்பது?

முகாம்களைப் பார்த்து ஏற்படும் குழப்பம் தனி. 2025 ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் நகர்ப்புறத்தில் மட்டும் 13 துறைகளின் 43 சேவைகள். நகராட்சி அவற்றில் ஒரு துறை. முகாமைத் தொடங்கிவைத்தவர் தலைவர் என்பதால் பட்டாவும் உதவித்தொகையும் அவர் கொடுத்ததாக ஆகாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டமும் அப்படித்தான். அங்கே கொடுத்த தெருவிளக்கு மனு சுற்றிக்கொண்டு நகராட்சிக்கே திரும்பி வரும்.

நகராட்சிக்கென்றே உள்ள இடம் பகுதி சபா. கிராம சபை போல, வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து அங்கங்கே மக்களைக் கூட்டும் ஏற்பாடு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலமெங்கும் நடந்தது. அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியில் பம்மல் பகுதிக் கூட்டத்தில் கலந்துகொண்டார். கிராம சபை அளவுக்கு இது இன்னும் பழக்கமாகவில்லை. எப்போது நடக்கிறது என்று பல தெருக்களுக்குத் தெரிவதே இல்லை.

சேர்மனைக் கல்யாண மண்டபத்தில் பார்த்து மனுவைக் கையில் கொடுப்பதில் தவறில்லை. அவர் அதை மடித்துச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்வார். ஞாபகம் இருந்தால் திங்களன்று யாரிடமாவது கொடுப்பார். அதே மனுவின் இன்னொரு படியை நகராட்சித் தபால் பிரிவில் கொடுத்து, நம் படியில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டால் அது பதிவேட்டில் ஏறி, எண் பெற்று, கோப்பாகிவிடும். அப்புறம் அடுத்த விசேஷத்தில் அவரைப் பார்க்கும்போது தெருவைப் பற்றி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டாம், அந்த எண்ணைச் சொன்னால் போதும்.